பத்தாம் தேதிச் சம்பளம்

“இவளுக்குச் சேமிப்பெல்லாம் வராதுங்க. வந்த பணம் வந்த வேகத்துல போயிடும்.”

சொல்லிவிட்டு அவள் கணவர் சிரித்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத சிரிப்பு. மனைவிக்கு அடிக்கடி வரும் தலைவலியைப் பற்றி மருத்துவரிடம் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். அந்த இயல்புதான் பிறகு பல நாட்கள் அவளை அரித்தது.

வருடத்துக்கு ஒருமுறை மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஊழியர்கள் மேல் அக்கறை பொங்கும். போன வருடம் இலவசக் கண் பரிசோதனை. இந்த வருடம் நிதி ஆலோசனை. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம், கணவனையோ மனைவியையோ அழைத்து வரலாம். டயாலிசிஸ் பிரிவில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கும் அவள், லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளரான கணவரோடு பயிற்சி அறையில் உட்கார்ந்திருந்தாள். முதலுதவி கற்றுக்கொடுக்கப் பயன்படும் ரப்பர் பொம்மை ஒன்று மூலையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலோசகர் அவள் வயதுப் பெண். தான் எதையும் விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை, நேரத்துக்குத்தான் கட்டணம், அதையும் மருத்துவமனை கொடுத்துவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கணவர் தன் நீல நிறக் கோப்பைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாக வங்கி வைப்புகள், மாதத் தவணையில் சேரும் மியூச்சுவல் ஃபண்டுகள், ஓய்வூதியத் திட்டம், ஆயுள் காப்பீடு. ஆலோசகர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போட்டிருப்பதைப் பாராட்டினார். சந்தை விழுந்த வருடங்களில்கூடப் பதறி விற்கவில்லை என்பதைக் கவனித்துச் சொன்னார். மாதாமாதம் பன்னிரண்டாம் தேதி, இருபத்துமூன்று வருடம், ஒரு தவணைகூட விட்டுப்போகவில்லை. இப்படி ஒரு கோப்பைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றார்.

கணவரின் முகம் பத்தாம் வகுப்புப் பரிசு மேடையில் நிற்கும் முகமாகிவிட்டது. ஆசையை அடக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று விளக்கினார்.

ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ‘கணவர்’ என்றும் வலது பக்கம் ‘மனைவி’ என்றும் எழுதினார். இடது பக்கம் நிரம்பி, இடம் போதாமல் தாளின் ஓரத்தில் ஏறியது. பிறகு பேனா வலது பக்கம் வந்து நின்றது. “உங்க பேர்ல என்னம்மா இருக்கு?” என்று கேட்டார்.

அப்போதுதான் கணவர் அந்தப் பதிலைச் சொன்னார்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மருத்துவமனை அவளை முதல் பதினைந்து வருடம் ஒப்பந்த ஊழியராகவே வைத்திருந்தது. பிறகு சேர்ந்த வைப்பு நிதியையும் மகளைக் கல்லூரியில் சேர்க்க எடுத்தாகிவிட்டது. வேறு எதுவும் இல்லை. ஆலோசகர் வற்புறுத்தவில்லை. வீட்டுச் செலவு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார். “அதெல்லாம் இவ பாத்துக்குவா” என்றார் கணவர். ஆலோசகரின் பேனா ஒரு கணம் தயங்கியது. கிளம்பும்போது, வைப்புகளை இரண்டு பேர் பெயருக்கும் மாற்றுவதற்கான படிவத்தை அவர் கோப்பில் வைக்காமல் அவள் கையில் கொடுத்தார். மாற்றிவிட்டால் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது என்றார்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் மனக்கணக்கு போட்டாள். இடது பக்கத்தின் மொத்தத் தொகையைத் தன் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தாள். இருபத்தொரு வருடச் சம்பளம். கணவரின் முதுகு அவள் கண்ணுக்கு முன்னால் அகலமாக, நிம்மதியாக இருந்தது. அந்த முதுகில் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் என்று கை பரபரத்தது. அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

*

இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. காலண்டர்தான் முடிவு செய்தது.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். மருத்துவமனை மாதத்தின் கடைசி வேலை நாளில் கொடுக்கும். லிஃப்ட் கம்பெனி பத்தாம் தேதி கொடுக்கும். வாடகை மூன்றாம் தேதி. பால், மளிகை, மின்சாரம், கேஸ் எல்லாம் முதல் வாரம். முதல் மாதம் மூன்றாம் தேதி யார் கையில் பணம் இருந்ததோ அவர் கொடுத்தார். அவள் கையில் இருந்தது. பத்தாம் தேதி அவர் சம்பளம் வந்தபோது, அதற்கு வீட்டில் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை. சும்மா கிடக்கிறதே என்று வங்கியில் போட்டார். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் அது வழக்கம். முதல் வருட முடிவில் அது கொள்கை. “உன் சம்பளம் வீட்டுக்கு, என் சம்பளம் எதிர்காலத்துக்கு” என்று அவர் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். கேட்பவர்கள் எவ்வளவு பொருத்தமான ஜோடி என்பார்கள்.

அவளும் சிரித்தபடி நின்றிருக்கிறாள். அதை நினைக்கும்போதுதான் கோபம் திரும்பி அவளையே கடித்தது.

அவளுக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மளிகைக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் மற்றவர்களைத் தள்ளிவிட்டுக் கவனிப்பார். மகள் ‘அப்பா, ஷூ’ என்று கேட்டதே இல்லை. ‘அம்மா, ஷூ’ என்றுதான் கேட்பாள். டப்பாக்கள் நிரம்பி இருப்பதைப் பார்த்தால் இந்த வீட்டை நான்தான் தாங்குகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வரும். வங்கி, படிவம், வட்டி விகிதம் எல்லாம் ஆண்களின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கியிருந்தாள். தெரியாமல் இருந்தது ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு இருபத்துமூன்று வருடம் விலை கொடுத்திருக்கிறாள்.

அவள் சம்பளம் என்ன ஆயிற்று? சாப்பிட்டுத் தீர்ந்தது. அடுப்பில் எரிந்தது. சோப்பு நுரையாகிச் சாக்கடையில் போனது. மகளின் கால் வளர வளர ஷூவாகித் தேய்ந்தது. அவர் சம்பளமோ காகிதத்தில் ஏறி உட்கார்ந்து, வட்டி போட்டு, அந்த வட்டியும் வட்டி போட்டு, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ‘செலவாளி’ என்ற பெயர் அவளுக்கு. ‘ஒழுக்கமானவர்’ என்ற பெயர் அவருக்கு. இவள் ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் கொடுத்ததால்தான் பன்னிரண்டாம் தேதி அவரால் ஒழுக்கமாக இருக்க முடிந்தது என்பது அந்தக் கோப்பில் எந்த உறைக்குள்ளும் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். கணவரின் தம்பி. மூன்று வருடத்தில் கார் கழுவும் நிலையம் ஒன்றும் செல்போன் உறை விற்கும் கடை ஒன்றும் தொடங்கி, இரண்டையும் மூடியவன். இப்போது ஜிம். கட்டடம் பார்த்தாகிவிட்டது, பதினைந்தாம் தேதிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும், சாமான்களுக்கு அடுத்த மாதம். மடிக்கணினியில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினான். எல்லாப் படத்திலும் கோடு மேலே மேலே ஏறியது.

எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவன் சொன்ன தொகை கோப்பில் சரிபாதி.

கணவர் ஏற்கெனவே தலையாட்டி முடித்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் சேமிப்பிலிருந்துதானே கொடுக்கிறேன், வீட்டுச் செலவில் கை வைக்கவில்லையே என்றார். இத்தனை வருடம் பிரித்துப் பிரித்துப் போட்டவர், பாதியைத் தூக்கி ஒரே இடத்தில் போடுகிறீர்களே, அதுவும் இதுவரை எதையும் நடத்திக் காட்டாதவரிடம் என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. தம்பி என்ன அந்நியனா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கொழுந்தன் பிஸ்கெட்டை டீயில் தோய்த்தபடி சிரித்தான். “அண்ணி, உங்க சம்பளத்தையா கேட்டேன்? அது பாட்டுக்கு மாசா மாசம் வரப்போகுது, நீங்க பாட்டுக்கு செலவு பண்ணப்போறீங்க. அண்ணன் பணத்துக்கு நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?”

பிஸ்கெட் உடைந்து டீக்குள் விழுந்தது. அந்த பிஸ்கெட் அவள் வாங்கியது. டீத்தூள் அவள் வாங்கியது. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் புதிய மெத்தை அவள் வாங்கியது. இந்த வீட்டில் அவள் வாங்கியது எல்லாம் உட்காரப்பட்டு, தின்னப்பட்டு, தேய்ந்துகொண்டிருந்தது. தேயாமல் இருந்த ஒன்றைப் பற்றித்தான் அவளுக்குப் பேச்சு இல்லையாம்.

அவள் அவனுடைய டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மிச்ச டீயைத் தொட்டியில் கொட்டினாள். குடித்து முடித்தேனா என்று கேட்கவே இல்லையே அண்ணி என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

*

“ஊசிக்கு இன்னிக்கு என்ன கோவம்?”

மூன்றாம் படுக்கையில் இருந்த பழைய பஸ் கண்டக்டர் கேட்டார். வாரத்துக்கு மூன்று நாள், நாலு வருடமாக வருபவர். அவள் ஊசியைச் சரியாகத்தான் ஏற்றியிருந்தாள். கை அந்த மாதிரி விஷயத்தில் தவறு செய்யாது. பிளாஸ்டரைத்தான் படாரென்று ஒட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். குழாயில் ரத்தம் ஏறி, இயந்திரம் சீராக முனக ஆரம்பித்தது. நாலு மணி நேரத்துக்கு அவர் எங்கும் போக முடியாது, பேச்சுதான் பொழுதுபோக்கு.

இன்று பேச்சு அவர் விழுந்த கதைக்குப் போனது. முதன்முதலில் சிறுநீரகம் நின்றுபோய்ப் பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாராம். வங்கியில் பணம் இருந்தது, எல்லாம் அவர் பெயரில். மனைவியை நாமினியாகப் போட்டிருந்தார். அந்த அம்மா வங்கிக்குப் போனால், நாமினிக்குக் கொடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்களாம்.

“நான் சாகவும் இல்ல, எழுந்திருக்கவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல கிடக்கறவனுக்கு அங்க ஃபாரம் கிடையாதாம்,” என்று சொல்லிச் சிரித்தார். மனைவி கந்துவட்டிக்கு வாங்கி மருத்துவமனைக்குக் கட்டினாள். எழுந்து வந்ததும் முதல் வேலையாகக் கணக்கில் அவள் பெயரையும் சேர்த்தாராம். “அதுவரைக்கும் அவ என் பணத்துக்கு வாரிசு. இப்பதான் பொண்டாட்டி.”

அவள் இயந்திரத்தின் எண்களைக் குறித்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த மனைவி பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மதிய இடைவேளையில் மாடிப்படி வளைவில் நின்று ஆலோசகருக்கு போன் செய்தாள். பத்து நிமிடம் பேசினார்கள். முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணம் நினைத்தவுடன் எடுக்கிற மாதிரி அவள் பெயரில் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் வளரும் இடத்தில் போடுவது, செலவு போக மிச்சத்தைச் சேமிக்கலாம் என்றிருந்தால் மிச்சம் என்று ஒன்று வரவே வராது, சம்பளம் விழுகிற அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும் என்றார். உங்கள் கணவர் இத்தனை வருடம் செய்தது அதைத்தான் என்றார். மாதாமாதம் பணம் தானாகச் சேமிப்புக்குப் போக எந்தத் தேதி போடலாம் என்று கேட்டார்.

அவள் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். கணவரிடம் ஒருமுறை நேராகக் கேட்க வேண்டியிருந்தது.

*

அன்று மாலை படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். தம்பிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது பிறகு. முதலில் வைப்புகள் எல்லாம் இருவர் பெயருக்கும் மாறட்டும் என்றாள். அவர் படிக்காமலே தள்ளி வைத்தார்.

“உன்னைத்தான் எல்லாத்துலயும் நாமினியா போட்டிருக்கேனே.”

“நாமினின்னா நீங்க போன பிறகு. நான் நீங்க இருக்கும்போது கேக்குறேன்.”

அவர் முகம் சுருங்கியது. இது என்ன பேச்சு என்றார். என் பணம், உன் பணம் என்று பிரித்துப் பார்க்கிற குடும்பமா இது, யார் சொல்லிக் கொடுத்தார்கள், அந்த ஆலோசகரா என்றார்.

“பிரிச்சு இருபத்துமூணு வருஷமாச்சு. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

அவள் எதிர்பார்த்ததைவிட நிதானமாக வந்தது குரல். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். அவளுடைய கோபம் எப்போதும் கண்ணீராகத்தான் வெளியே வரும். வந்ததும் எதிராளி ஜெயித்துவிடுவார். இந்தக் கோபம் வேறு மாதிரி இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போடுகிற கோபம்.

“அப்ப ஒண்ணு சொல்லிடுறேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது. இந்த மாசத்துலேர்ந்து என் சம்பளம் எதிர்காலத்துக்கு. உங்க சம்பளம் வீட்டுக்கு.”

அவர் சிரித்தார். அதே நல்லெண்ணச் சிரிப்பு. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அவள் உள்ளே போய் ஆலோசகருக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: மாதத்தின் கடைசி வேலை நாள்.

*

சம்பளம் வந்த அரை மணி நேரத்தில் அவள் கணக்கில் பஸ் செலவுக்கும் மாத்திரைக்கும் போதுமான தொகை மட்டும் நின்றது. மூன்றாம் தேதி காலை, கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா வழக்கம்போல வாடகையை நினைவூட்டிச் செய்தி அனுப்பினார். அவள் கணவரின் எண்ணைப் பதிலாக அனுப்பினாள். வேலைக்குப் போகும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நிறுத்திச் சம்பளம் வரவில்லையா என்று விசாரித்தார். வந்தது, வேறு வேலையாகப் போயிருக்கிறது என்றாள்.

கணவர் அதை அன்று வரை நம்பியிருக்கவில்லை. ஜிம் முன்பணத்துக்கென்று ஒரு வைப்பை உடைத்து வைத்திருந்தார். வாடகை அதிலிருந்து போனது. அவள் சமைத்தாள், துவைத்தாள், எதையும் குறைக்கவில்லை. இருப்பதை வைத்துச் செய்தாள். எண்ணெய் தீர்ந்ததும் தீர்ந்தது என்று சொன்னாள். அவர் கடைக்குப் போய் எண்ணெய் விலையை இரண்டு முறை கேட்டாராம். கடைக்காரர் மறுநாள் அவளிடம் சொல்லிச் சிரித்தார். ஆறாம் நாள் பாத்திரம் கழுவும் சோப்பு தீர்ந்தது. அது தீர்ந்துபோகக்கூடிய பொருள் என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மின்சாரம், கேஸ், பால், மகளின் விடுதிக் கட்டணம், பைக் இன்சூரன்ஸ், சமையலறைக் குழாய். ஒவ்வொன்றுக்கும் அவர் வந்து, மாதாமாதம் இப்படி ஏதாவது வருமா என்று கேட்டார். வரும் என்றாள். எதையாவது குறைக்க முடியாதா என்றார். ஆசையை அடக்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்றாள்.

மறுநாள் குழாய் சரிசெய்பவருக்கு அவரே போன் செய்தார்.

இரக்கம் வராமல் இல்லை. எட்டாம் தேதி மாலை அவர் சாப்பாட்டு மேசையில் மளிகைச் சீட்டை மூக்கருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முன்நெற்றியில் முடி எவ்வளவு போய்விட்டது என்று கவனித்தாள். கெட்ட மனிதர் இல்லை. குடியில்லை, சூதில்லை, கை நீட்டியதில்லை. இதையே எத்தனை வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டோம் என்று தோன்றியதும் இரக்கம் வந்த வழியே போய்விட்டது. செய்யாதவற்றின் பட்டியலை வைத்து ஒருவரை எவ்வளவு நாள் நல்லவராக வைத்திருக்க முடியும்?

பத்தாம் தேதி வந்த அவர் சம்பளமும், உடைத்த வைப்பில் மிச்சம் இருந்ததும் விடுதிக் கட்டணத்துக்கும் மற்ற பாக்கிகளுக்கும் அன்றே போய்விட்டன. பதினொன்றாம் தேதி கொழுந்தன் போனில் கத்துவது இங்கே வரை கேட்டது. கணவர் பால்கனிக்குப் போய், ஒரு வாரம் பொறு, கொஞ்சம் கைநெருக்கடி என்று தணிந்த குரலில் சொன்னார். கைநெருக்கடி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. அது அவளுடைய சொல். மாதத்தின் மூன்றாவது வாரத்துச் சொல்.

பன்னிரண்டாம் தேதி காலை அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. படித்தார். மறுபடி படித்தார். கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் தவணை எடுக்கப்படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ இறந்த செய்தி வந்ததுபோல இருந்தது முகம்.

“இருபத்துமூணு வருஷத்துல ஒரு தடவைகூடத் தவறினதில்ல.”

“நானும்தான்,” என்றாள்.

இஸ்திரிப் பெட்டியைக் காலர் மடிப்பில் அழுத்தினாள். நீராவி சீறியது. கீழே வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைப் போடும் சத்தம் கேட்டது. அவள் ஒரு கையை முடித்து மறு கைக்கு வந்தாள்.

வெகுநேரம் கழித்து, அந்த ஃபாரம் எங்கே என்று கேட்டார். தட்டு அலமாரிக்கு அடியில் என்றாள். எடுத்து வந்தார். அவள் எல்லாவற்றையும் நிரப்பித் தன் கையெழுத்தையும் போட்டு வைத்திருந்தாள். அவருடையது மட்டும் பாக்கி. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இந்த முறை படித்தார். தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று தாளைப் பார்த்தபடியே கேட்டார். இனி ரெண்டு கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள், வேண்டுமானால் கணக்கு வழக்கோடு என்னிடம் வந்து பேசட்டும் என்றாள்.

கையெழுத்துப் போட்டார். பக்கம் திருப்பினார், போட்டார், திருப்பினார், போட்டார். முடித்ததும் தாள்களைச் சேர்த்து அவள் பக்கம் நீட்டினார். முகத்தில் மெல்ல ஒரு களை வந்திருந்தது, பெரிய மனது பண்ணிய களை.

“இந்தா. திருப்தியா?”

அவ்வளவு நாள் நிதானமாக இருந்த கோபம் அப்போது நிதானம் இழந்தது. திருப்தியா என்று கேட்டால் இல்லை. ஒரு காகிதத்தில் இருபத்துமூன்று வருடம் திரும்பி வராது. இவர் நாளைக்கே இதையும் சொந்தக்காரர்களிடம் சொல்வார், பாதியைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று. அவர்களும் எவ்வளவு நல்ல மனிதர் என்பார்கள்.

“இந்தான்னு சொல்லாதீங்க. குடுக்கறவங்க சொல்ற வார்த்தை அது.”

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, தாள்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு ஒன்றை உருவி எடுத்து மேசையில் வைத்து, விரலால் காட்டினாள்.

“நாலாவது பக்கத்துல இன்னும் போடல.”